ஒத்திகை பார்க்காமல் மேடையேறுவது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரை ஒட்டிய கடற்கரை ஊர் எங்களுடையது. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பொழுது சாய்ந்தால் எங்காவது போய் உட்காருவார்கள். அதனால் போன தடைக்காலத்தில் ஊர்க் கலையரங்கத்தில் ‘உடனாக்கப் பரிசோதனை இசையும் நடனமும், அனுமதி இலவசம்’ என்று நோட்டீஸ் ஒட்டியபோது கூட்டத்துக்குக் குறைவில்லை. நோட்டீஸில் இருந்த ஆறு சொற்களில் ‘அனுமதி இலவசம்’ என்ற இரண்டு மட்டும்தான் எல்லோருக்கும் புரிந்தது.

வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் தவில், ஒரு பெண் வயலின், ஓர் இளைஞர் மேசை நிறைய ஒயர்கள், நான்காமவர் நடனக் கலைஞர். இருபது நிமிடத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மறுநாள் காலை டீக்கடையில் தீர்ப்புகள் வந்தன. ஒத்திகை பார்க்காமலே வந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். வாய்க்கு வந்ததைப் பேசுவதுபோல் கைக்கு வந்ததை வாசித்தார்கள் என்றார் இன்னொருவர். மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்றார் மூன்றாமவர். பிடித்திருந்த ஒன்றிரண்டு பேரும் ‘மனம் போன போக்கில் எவ்வளவு சுதந்திரமாக வாசித்தார்கள்’ என்றே புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியும் திட்டியவர்களின் பேச்சைப் போலவே தவறு. எப்படித் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மீன் வந்த பிறகுதான் குழம்பு

எங்கள் வீடுகளில் காலையில் யாரும் ‘இன்று என்ன குழம்பு?’ என்று கேட்பதில்லை. படகு வந்தால்தான் தெரியும். திருக்கை கிடைத்தால் மிளகும் பூண்டும் தூக்கலாக ஒரு குழம்பு. காரல் பொடி கிடைத்தால் வேறு வழி. பால்சுறா வந்தால் அது புட்டாகும். என் அம்மா சமையல் குறிப்பு எதையும் பார்த்ததில்லை. என்ன வரப்போகிறது என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் புளி ஊறிக்கொண்டிருக்கும், மசாலா அரைத்திருக்கும், முக்கியமாக அவருடைய கை முப்பது வருடமாகத் தயாராக இருக்கிறது.

திட்டமிடாத சமையல் என்று இதைச் சொல்லலாம். தயாரிப்பில்லாத சமையல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இம்ப்ரொவைசேஷன் என்று இசைக்காரர்கள் சொல்வது இதைத்தான். படைப்பதும் நிகழ்த்துவதும் ஒரே கணத்தில், ஒரே ஆளிடம் நடப்பது. நோட்டீஸில் இருந்ததுபோலவே இந்தக் கட்டுரையில் அதை உடனாக்கம் என்று அழைக்கிறேன். வழக்கமான கச்சேரியில் பாட்டை ஒருவர் என்றோ இயற்றியிருப்பார், இன்னொருவர் இன்று பாடுவார். உடனாக்கத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது.

பின்பாட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும்

அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்ப் பெரியவர். நாற்பது வருடம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நாடகக்காரர்கள் மொழியில் ‘பின்பாட்டு’. நிகழ்ச்சி புரிந்ததா என்று கேட்டேன். “பாட்டைக் கேட்கவில்லை தம்பி, யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்ட எதுவும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும் இசை நாடகம் இது. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) கதைகள். அதிலும் வள்ளி திருமணம் என்றால் கூட்டம் அலைமோதும். ‘ஸ்பெஷல்’ என்ற பெயருக்குக் காரணம், இதில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் ‘புக்’ செய்வார்கள். இயக்குநர் இல்லை. கூட்டு ஒத்திகை இல்லை. சில சமயம் வள்ளியும் நாரதரும் முதல்முறையாகப் பேசிக்கொள்வதே மேடையில்தான்.

அப்படி முதல்முறை சந்திக்கும் இருவரும் மேடையில் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்வார்கள். நாரதர் ஒரு கேள்வி போடுவார், வள்ளி அதை மடக்கிப் பாட்டாகத் திருப்புவார், பின்பாட்டுக்காரர் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். எந்தப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகள் மனப்பாடம், தர்க்கத்தில் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடிப்பது என்ற நாகரிகம் பல வருட மேடையில் ஊறியது.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் இந்த வகைதான். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பார்கள். எடுத்துக் கொடுப்பவர் கரையில் நிற்கிற ஆளையே பாட்டுக்குள் இழுத்துக் கிண்டல் செய்வதும் உண்டு. வலை கனமாக இருந்தால் பாட்டு நிதானமாகும், வலையின் பை போன்ற மடி கரையை நெருங்கினால் வேகமாகும். பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது பாடுகிறவர் அல்லர், கடல்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உடனாக்கம் என்பது முன்கூட்டித் தீர்மானிக்காமல் படைப்பது. ஒத்திகை வேறு, தயாரிப்பு வேறு. ஒத்திகை, நிகழ்ச்சியைத் தயார்செய்வது; இங்கே தயாராவது நிகழ்ச்சி அல்ல, ஆள். டீக்கடையின் முதல் தீர்ப்பு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

நம் சங்கீதத்தில் பாதி இதுதான்

கர்நாடக சங்கீதத்தில் இதற்கு மனோதர்மம் என்று பெயர். கீர்த்தனை முன்பே இயற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன் பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையும், நடுவே ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலும், சரிகமவையே கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரமும் அந்த நேரத்தில் பிறப்பவை. பெயரிலேயே ‘கற்பனை’ இருக்கிறது, இருந்தும் நாம் கவனிப்பதில்லை. நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை இன்றும் பேசுகிறார்கள் என்றால், அது யாரோ எழுதிக் கொடுத்த தோடி அல்ல.

இந்தச் சுதந்திரத்துக்குக் கடுமையான வேலி உண்டு. ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை. ஸ்வரங்களை எங்கே வேண்டுமானாலும் சுற்ற விடலாம். ஆனால் பாட்டு தொடங்கும் இடமாகிய எடுப்புக்குச் சரியான அட்சரத்தில், அதாவது சரியான எண்ணிக்கையில், வந்து சேர்ந்தாக வேண்டும். ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி போன்ற மிருதங்க மேதைகள் தாளத்தை மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அந்த வந்து சேர்தலுக்காகத்தான்.

ஆக, நமக்குப் பழக்கமான உடனாக்கம் மரபுக்குள் நடப்பது. ராகம், தாளம், கதை என்று ஏதோ ஒரு வேலி இருக்கும், கேட்கிறவருக்கும் அந்த வேலி தெரியும். டெரிக் பெய்லி (1930–2005) என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர் இதை ஒரு வகையாகவும், எந்த மரபின் வேலியையும் முன்கூட்டி ஒப்புக்கொள்ளாமல் செய்வதை இன்னொரு வகையாகவும் பிரித்தார். 1960களில் லண்டனில் அவரைப் போன்றவர்கள் இரண்டாவது வகையில் இறங்கினார்கள். 1965இல் அங்கே தொடங்கிய ஏ.எம்.எம். என்ற குழு, யார் எந்த ஒலியை எழுப்புகிறார்கள் என்றே பிரித்தறிய முடியாதபடி மணிக்கணக்கில் வாசிக்கும்.

அன்று எங்கள் கலையரங்கத்தில் நடந்தது இந்த இரண்டாவது வகை. வேலி தெரியாததால்தான் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கபடிக்கோடு எங்கே என்று தெரியாதவனுக்குக் கபடி வெறும் தள்ளுமுள்ளுதான்.

பரிசோதனை என்பது வேறு சங்கதி

நோட்டீஸில் இருந்த இன்னொரு சொல் ‘பரிசோதனை’. இதையும் உடனாக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பெரும்பாலான தவறான பேச்சுக்கு வேர். பரிசோதனை என்றால், முடிவு என்னவாகும் என்று தெரியாத ஒரு செயலை அதற்காகவே செய்து பார்ப்பது. ஒலி என்றால் எது, நடனம் என்றால் எது என்ற எல்லைகளைத் தொட்டுப் பார்ப்பது.

ஒப்பாரி வைக்கும் பாட்டி ஒவ்வோர் அடியையும் அங்கேயே கட்டுகிறார். அது உடனாக்கம், ஆனால் பரிசோதனை அல்ல. சென்னையில் சந்திரலேகா (1928–2006) பரதநாட்டியத்தையும் களரியையும் யோகத்தையும் ஒன்றாக வைத்து 1985இல் ‘அங்கிகா’ செய்தார். அது பரிசோதனை, ஆனால் அசைவுகள் முன்பே வடிவமைக்கப்பட்டவை. எங்கள் ஊருக்கு வந்த நான்கு பேர் இரண்டையும் ஒருசேரச் செய்தார்கள்.

பரிசோதனை இசை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஜான் கேஜ். இந்த அமெரிக்கர் உடனாக்கத்தைச் சந்தேகத்துடன்தான் பார்த்தார் என்பது வேடிக்கை. மனம் போனபடி வாசிக்கச் சொன்னால் மனிதன் பழகிய தடத்திலேயேதான் போவான் என்பது அவர் எண்ணம். அதனால் அவர் நாணயம் சுண்டிப் பார்த்து, விழுவதை வைத்து இசை எழுதினார். உடனாக்கக் கலைஞர்களும் இந்தக் குற்றச்சாட்டை மறுப்பதில்லை. பதினைந்து வருடம் வயலின் படித்த விரல், கொஞ்சம் அசந்தால் கல்யாணி ராகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்று அந்த வயலின் பெண் ஒருமுறை அப்படிப் போனார். போன வேகத்தில் வில்லைத் தந்தியின் மேல் செங்குத்தாக நிறுத்தி, நரநரவென்று தேய்த்து வெளியே வந்தார். பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு அது அந்த மாலையின் நேர்மையான நிமிடமாகப் பட்டது.

மேசை நிறைய ஒயர்கள் எதற்கு?

கேஜ் 1940இல் சியாட்டில் நகரில் ஒரு கலைப்பள்ளியில் வேலை பார்த்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்கு இசை வேண்டும். கேஜுக்கோ தாளக் கருவிகள் நிறைய வேண்டும். அரங்கமோ சிறியது, ஒரு பியானோவுக்குத்தான் இடம். என்ன செய்தார்? பியானோவைத் திறந்து, தந்திகளுக்கு நடுவே திருகாணிகளையும் வேறு பொருட்களையும் செருகினார். கட்டையைத் தட்டினால் மத்தளமும் மணியும் கலந்தாற்போல் ஒலி வந்தது. ‘தயார்செய்த பியானோ’ என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது, இடமில்லாத ஒரு சின்ன மேடையின் தொல்லையிலிருந்து பிறந்ததுதான்.

ஒரு கருவியை அதன் வழக்கமான முறைக்கு வெளியே வாசிப்பதை நீட்டித்த உத்தி என்பார்கள். தவில் வாசிப்பவர் வலது கை விரல்களில் போட்டிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்ததைப் பார்த்தேன். பூவரசங்கழியையும் கீழே வைத்தார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தோலின்மேல் மெதுவாக இழுத்தார். நங்கூரக் கயிறு படகில் உரசுகிற மாதிரி ஒரு முனகல். தவிலுக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது, கல்யாணத்துக்குக் கல்யாணம் தவில் கேட்கிற எனக்குத் தெரியாது.

மேசைக்கார இளைஞர் செய்த வேலைதான் பலருக்கும் மர்மமாக இருந்தது. மேடைத் தூணில் ஒரு கரைவலை வடத்தைக் கட்டி, தூணில் காசு அளவு ஒரு பித்தளைத் தகட்டை ஒட்டியிருந்தார். அது தொடுமைக். சாதாரண மைக் காற்றின் அதிர்வைப் பிடிக்கும். இது தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வை மட்டும் பிடிக்கும். தகட்டின்மேல் ஒரு மெல்லிய படிகப் பூச்சு இருக்கிறது. அதை அழுத்தினாலோ அதிர வைத்தாலோ மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும், அதை ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறார்கள். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையில் இருப்பதும் இதே தகடுதான், அங்கே தலைகீழாக வேலை செய்கிறது. வடத்தை இழுத்தபோது நார்கள் ஒன்றோடொன்று உரசி, அந்த உரசல் தூணில் ஏறி, அரங்கம் முழுக்க ஒரு கப்பல் நெட்டி முறிப்பதுபோல் கேட்டது.

இன்னொன்று, மைக் கூவல். இதைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் எல்லோரும் நிபுணர்கள். ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஒலிபெருக்கியில் வந்து, மறுபடி மைக்குக்குள் போகும். இந்தச் சுற்று வளர வளர, அந்த இடத்துக்குத் தோதான ஒரு சுருதி மட்டும் மேலோங்கி ‘கூ’ என்று கத்தும். கல்யாண வீட்டில் அது பிழை. அந்த இளைஞர் மைக்கை ஒரு குடத்துக்குள் இறக்கியும் ஏற்றியும் அந்தக் கூவலின் சுருதியை மாற்றி ஒரு மெட்டுபோல் வாசித்தார். எங்கள் ஊர் ரேடியோ செட்காரர் மட்டும் பதறி எழுந்து நின்றுவிட்டார்.

சும்மா இருப்பதும் வாசிப்புதானா?

நிகழ்ச்சியின் நடுவே பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நால்வரும் உடனே நிறுத்தினார்கள். அதில் புதுமை எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் நாடகமானாலும் அரசியல் கூட்டமானாலும் பாங்கு சொல்லும்போது நிறுத்துவது மரியாதை. பாங்கு முடிந்தது. இனித் தொடங்குவார்கள் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர்கள் தொடங்கவில்லை. வயலின் வில் தந்திக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது. ஐஸ் கம்பெனியின் மோட்டார் கேட்டது. யாரோ ஒரு குழந்தைக்கு முறுக்குப் பொட்டலம் பிரித்தார்கள். அதற்கு அப்பால் அலை. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பாங்குக்காக நிறுத்தியது மரியாதை. அதன் பிறகும் தொடங்காமல் இருந்தது இசைத் தீர்மானம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

கேஜின் மிகவும் பேசப்பட்ட படைப்பு இதைத்தான் செய்தது. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் என்ற ஊரில், டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, மூடியை மூடினார். மொத்தம் நான்கு நிமிடம் 33 விநாடி, மூன்று பகுதிகள், ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. மரத்தில் காற்றும், கூரையில் மழைத்துளியும், எரிச்சலில் எழுந்து போனவர்களின் பேச்சும்தான் கேட்டது என்று கேஜ் பிற்பாடு சொன்னார். எழுந்து போவதில் எங்கள் ஊர் வுட்ஸ்டாக்குக்குச் சளைத்ததில்லை.

‘மேல்நாட்டுச் சரக்கு’ என்றவருக்கு இங்கே ஒரு பதில் சொல்லலாம். 1946இல் நியூயார்க்கில் கேஜுக்கு இந்திய இசை பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய். இசை எதற்கு என்று உங்கள் ஆசிரியர் சொன்னார் என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவதற்கு என்ற பொருளில் அவர் சொன்ன பதிலைக் கேஜ் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டார். 1961இல் கேஜின் கட்டுரைகளை நூலாக வெளியிட்டது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம். அதே பல்கலைக்கழகத்தில் அந்தப் பத்தாண்டுகளுக்குள் பாட்டு கற்பிக்கப் போனவர் ராமநாதபுரம் கிருஷ்ணன். மிருதங்கம் கற்பித்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ராகவன். சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்கியது என்று கணக்குப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

மண்டைக்குள் நடப்பது

மேடையில் நான்கு பேர் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? ஒவ்வொரு கணமும் ஒருவருக்கு முன் இருக்கும் வழிகள் உண்மையில் மிகக் குறைவு: செய்துகொண்டிருப்பதைத் தொடரலாம், மாற்றலாம், நிறுத்தலாம். மற்றவர் செய்வதோடு சேரலாம், எதிர்த்து நிற்கலாம், கண்டுகொள்ளாமல் விடலாம். பின்பாட்டுக்காரர் ‘வழி விடுவது’ என்றது இதைத்தான்.

இவ்வளவு வேகமாக முடிவெடுக்க எப்படி முடிகிறது? சைக்கிள் ஓட்டும்போது எந்தத் தசையை எப்போது இறுக்குவது என்று யோசிப்பதில்லை அல்லவா? பல வருடப் பயிற்சியில் சின்னச் சின்னத் துண்டுகள் கையில் படிந்துவிடுகின்றன. சுரம் சுரமாக யோசிக்காமல் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். மிச்சமாகும் கவனம் முழுவதும் காதுக்குப் போகிறது. 2008இல் சார்லஸ் லிம், ஆலன் பிரான் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, ஒரு சிறிய கீபோர்டில் வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமானதை வாசித்தபோதும் உடனாக்கம் செய்தபோதும் மூளை வேறுவேறு விதமாக வேலை செய்தது. உடனாக்கத்தின்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்திக்கொள்ளும் முன்மூளைப் பகுதி ஒன்றின் இயக்கம் தணிந்திருந்தது. ஆறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வள்ளி வேஷம் போட்ட ஒருவர் ‘மேடையில் யோசித்தால் வாய் அடைத்துவிடும்’ என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே: கையில் படிந்த துண்டுகள், அவற்றை எடுக்கும் வேகம், மற்றவரைக் கேட்கும் காது. ‘கைக்கு வந்தது’ என்றால் ஆம், கைக்கு வந்ததுதான். அது கைக்கு வர பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

உடம்புக்கும் காது உண்டு

நடனத்தைப் பற்றித்தான் அதிகக் கேலி. ஆட வந்த பெண் முதல் பத்து நிமிடம் நின்றுகொண்டேயிருந்தார்.

இசைக்கு ஏற்ப ஆடுவதுதான் நடனம் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். அவரும் கேஜும் நெடுநாள் கூட்டாளிகள். நடனத்தை அவர் தனியே அமைப்பார், இசையை வேறொருவர் தனியே எழுதுவார். இரண்டுக்கும் பொதுவானது நேர அளவு மட்டும். பல சமயம் ஆடுகிறவர்கள் அந்த இசையை முதலில் கேட்பதே அரங்கேற்ற இரவில்தான். ஆனால் அவர்களுடைய அசைவுகள் கறாராக ஒத்திகை பார்க்கப்பட்டவை. ஆகவே அதுவும் பரிசோதனை, உடனாக்கம் அல்ல.

கன்னிங்ஹாமிடம் ஆடிய ஸ்டீவ் பாக்ஸ்டன் வேறு பக்கம் போனார். 1972இல் ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரியில் ஆண்கள் குழு ஒன்றைப் பாய் விரித்து ஒருவர்மேல் ஒருவர் மோதவும் விழவும் எழவும் வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தொடுகை உடனாக்கம். இருவர் உடல்கள் தொடும் புள்ளி ஒன்று இருக்கிறது. அந்தப் புள்ளி வழியாக எடையைக் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். தோளில் இருக்கும் புள்ளி உருண்டு முதுகுக்குப் போகும், முதுகிலிருந்து இடுப்புக்கு. யாரும் யாரையும் நடத்துவதில்லை. எடை எங்கே போகிறதோ அங்கே இருவரும் போகிறார்கள்.

இது புரியவில்லை என்றால் கரைவலை வடத்தைப் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இழுப்பவர் மூச்சு வாங்குவது கயிறு வழியாக உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். கடலுக்குள் மடி ஒரு பாறையில் தட்டியது தெரியும். பார்க்கவே வேண்டாம். கை கேட்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது. பத்து நிமிடத்துக்குப் பின் தூணில் கட்டிய வடத்தை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை ஊன்றி, ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்வாங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கரைவலைக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலி அங்கே நின்றுவிட்டது. வடம் இறுகிய அளவுக்கு ஒலிபெருக்கியில் முனகல் ஏறியது. அவர் எடையை மாற்றினால் சத்தம் மாறியது, சத்தம் மாறியதும் வயலின் விலகி வழிவிட்டது. நடனத்துக்கு இசையா, இசைக்கு நடனமா என்று கேட்க இடமே இல்லை. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் நின்றன.

நன்றாக இல்லாவிட்டால்?

எல்லாம் சுதந்திரம் என்றால் எதையும் மோசம் என்று சொல்ல முடியாதே என்று சிலர் நினைக்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். அன்றைய ஒன்றரை மணி நேரத்தில் கடைசிக்கு முந்தைய கால் மணி நேரம் எனக்குச் சகிக்கவில்லை. தவிலும் வயலினும் போட்டி போட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போயின. யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் பஞ்சாயத்து அது. ராகம் பிசகியதா, தாளம் தவறியதா என்று பார்க்க இங்கே அளவுகோல் இல்லை; ஆனால் கேட்டார்களா, கேட்டது அவர்களை மாற்றியதா என்று பார்க்கலாம். ஒருவர் செய்த விபத்தை இன்னொருவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்க்கலாம். முதன்முதலில் போகிறவர்கள் ஒரே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து, அவர் யாரைக் கவனிக்கிறார் என்று மட்டும் பின்தொடர்ந்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போவதிலும் தவறில்லை. நாற்காலியை இழுக்காமல் போனால் நல்லது, தொடுமைக் அதையும் பிடிக்கும்.

மங்களம் பாடாமல் முடிவது

ஸ்பெஷல் நாடகம் விடியற்காலையில் மங்களத்தோடு முடியும். கச்சேரியும் அப்படியே. எழுதி வைக்காத இசைக்கு மங்களம் கிடையாது. நால்வருக்கும் ஒரே நேரத்தில் ‘போதும்’ என்று தோன்ற வேண்டும். உடனாக்கத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று அந்த வயலின் கலைஞர் பிறகு சொன்னார். மூன்று பேருக்குப் போதும் என்று தோன்றி, நான்காமவருக்கு அப்போதுதான் ஒரு புது யோசனை வந்து தொலையும்.

அன்று தவில் முதலில் ஓய்ந்தது. வயலின் வில் மேலே போனது, இறங்கவில்லை. மேசைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். நடனக் கலைஞர் மட்டும் வடத்தின்மேல் முழு எடையையும் சாய்த்து நின்றார்; தூண் மெலிதாக முனகிக்கொண்டிருந்தது. கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்பாட்டுக்காரர்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது நடுவரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த சிறுமி, “அத்தா, முடிந்துவிட்டதா?” என்று உரக்கக் கேட்டாள்.

நடனக் கலைஞர் சிரித்துவிட்டார். சிரித்ததில் உடம்பு தளர்ந்தது, வடம் தொய்ந்தது, தூண் கடைசியாக ஒரு முறை ‘டக்’ என்றது.